பகிரா தீர்கள்

பட்டினப்பாக்கம்
3 ஜூலை 2025

கைசரம்மாவுக்கு,

நான் லாசர். உங்கள் மகள் ரூஹி எடுத்த படத்தில் பிணமாகப் படுத்திருந்தவன். சினிமாவுக்கு உடை வாடகைக்கு விடும் உங்கள் வடபழனிக் கடையிலிருந்து பட்டு வேட்டி கொண்டுவந்து எனக்குக் கட்டிவிட்டு, "செத்தவர் மூச்சு விடக் கூடாது" என்று சொன்னீர்களே, அந்த லாசர்தான்.

இது நான் எழுதும் முதல் கடிதம். எழுபத்தொரு வயதுவரை கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டைவிரலை வைத்தவன் நான். இப்போது மாதா கோவில் பக்கத்தில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போகிறேன். மயிலாப்பூரிலிருந்து அனுப்ரியா டீச்சர் வந்து சொல்லிக்கொடுக்கிறார். என் முதல் கடிதம் எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி மாநகராட்சிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். மன்னிப்புக் கடிதமாகிவிட்டது. முதலில் 'மண்ணிப்பு' என்று எழுதி அடித்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். மூன்று சுழி போட்டால் மண்ணோடு போய்விடும் என்று டீச்சர் சொன்னார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது ரூஹி என் போனுக்குப் படத்தை அனுப்பியிருந்தது. கூடவே ஒரு வரியும் இருந்தது. எனக்குக் கண் மங்கல் என்று மருமகள் ஜாஸ்மின் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறாள். ஒரு வரிக்கு ஒரு சொல்தான் கொள்ளும். சில சொல் அதற்கும் கொள்ளாது. இப்படி இருந்தது:

யாருக்கும்
பகிரா
தீர்கள்

நீளமான சொல் வந்தால் பயப்படாமல் பிரித்துப் படியுங்கள் என்பது டீச்சர் சொன்ன பாடம். போனே பிரித்துக் கொடுத்திருக்கிறது, நான் படித்தேன். பகிரா, ஒன்று. தீர்கள், இரண்டு. மத்தியானம் ஐஸ் உருகும் நேரத்தில் மீன் கடையில் என்ன சொல்வோம்? "மிச்சத்தைத் தீத்துடு" என்போம். ஆக, பகிர்ந்து தீர்த்துவிடுங்கள் என்று ரூஹி சொல்கிறது என்று புரிந்துகொண்டேன். யாருக்கும் என்றால் எவனுக்கு வேண்டுமானாலும். அதற்குக் கீழே அம்புக்குறி பக்கத்தில் 'பகிர்' என்று தனியாக வேறு எழுதியிருந்தது. மேலேயும் சொல்கிறார்கள், கீழேயும் சொல்கிறார்கள். நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவன்.

மீன் கடைக்காரர் குழு, கோவில் பாடகர் குழு, எங்கள் வகுப்புக் குழு, மயிலாப்பூரில் என்னிடம் மீன் வாங்காத ஆனால் என்னோடு டீ குடிக்கிற பெரியவர்கள் குழு, எல்லாவற்றுக்கும் தீர்த்துவிட்டேன்.

நீங்கள் போனை எடுக்கவில்லை. பிறகு என்னிடமும் போன் இல்லை. "மாமா, இனிமே இத்த தொட்டீங்கன்னா நா பொறந்த வூட்டுக்குப் போய்டுவேன்" என்று ஜாஸ்மின் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மன்னித்துவிடுங்கள். எழுதக் கிடைத்ததில் சந்தோஷமும் இருக்கிறது. அதையும் மன்னித்துவிடுங்கள்.

லாசர்


வடபழனி
7 ஜூலை 2025

திரு. லாசர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு இடத்தில் எழுத்து கரைந்திருந்தது. கண்ணீராக்கும் என்று நினைத்து இரக்கப்படப் போனேன். முகர்ந்து பார்த்தேன். மீன் குழம்பு.

அடையாறு வக்கீல் ஜவஹர் உங்களோடு போனில் பேசவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

ரூஹிக்கு இது முதல் படம். எனக்கும் இதுதான் முதல் தயாரிப்பு. முப்பது வருஷமாக மற்றவர்கள் படத்துக்கு ராஜா உடுப்பும் போலீஸ் உடுப்பும் கொடுத்துவிட்டு, இந்த ஒரு படத்தில்தான் என் பேர் வரப்போகிறது. ஒரு கம்பெனி இதைத் தியேட்டரில் போட ஒத்துக்கொண்டிருந்தது. இப்போது அவர்கள் சொல்வது இதுதான்: படம் ஊர் முழுக்கப் போய்விட்டது, விட்டவர் யார் என்று பேர் போட்டுப் போலீசில் புகார் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. ஆகஸ்ட் பத்தாம் தேதிவரை தவணை.

குற்றம் நிரூபணமானால் மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை உள்ளே, அபராதம் தனி என்கிறார் ஜவஹர். பெரிய பெரிய படங்களைத் திருடி இணையத்தில் ஏற்றுகிறவன் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அவனைப் பிடிக்க முடியாது. உங்களைப் பிடிக்கலாம். உங்களுக்கு விலாசம் இருக்கிறது, அதையும் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

எனக்கு உங்கள் மேல் இரக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. இந்தக் கடிதத்தில் அதைப் போடவில்லை, அவ்வளவுதான். என் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பிரியாணி வைத்துக் கூப்பிட்டால்கூடத் திரும்பவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்று. யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் போய், உங்கள் கண் முன்னால் படத்தை அழிக்கச் செய்யுங்கள். அதற்குப் பிறகு புகாரைப் பற்றி யோசிக்கிறேன்.

கைசர் ஜஹான்
தயாரிப்பாளர்


பட்டினப்பாக்கம்
14 ஜூலை 2025

கைசரம்மாவுக்கு,

குழம்பு வஞ்சிர மீன் குழம்பு. பொய் சொல்லக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஜெயிலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வகுப்பில் கேட்டேன், அங்கே நூலகம் இருக்கிறதாம். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் அதற்குமேல் கேட்கவில்லை.

உங்கள் கட்டளைப்படி புறப்பட்டேன். முதலில் அங்காளம்மாள். எனக்குப் பக்கத்துக் கடை. அவளும் நானும் ஒரு குடை விஷயமாகப் பல வருஷமாகப் பேச்சுக் குறைவு. ஆனாலும் அழிக்கச் சொன்னேன்.

"இன்னாத்த அழிக்கணும்?"

"நான் அனுப்பிச்ச படத்த."

"நா இன்னும் தொறந்தே பாக்கலியே, லாசரு."

"பாக்காதே. அழிச்சிடு."

"அப்டி இன்னா கீது அதுல?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா வெயில்ல நடந்து வந்த? யோவ், இன்னா கீதுன்னு பாத்தாதானே எத்த அழிக்கிறோம்னு தெரியும்!"

உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தாள். கடைக்கு வந்தவர்களும் சேர்ந்து பார்த்தார்கள். பிறகு அழித்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்குள் நான்கு பேர் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.

மயிலாப்பூர் போனேன். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் கதவைத் திறந்தார். "அழிக்கறதா? ஆத்துல எல்லாரும் பாத்துண்டிருக்கா. இடைவேளை வரைக்கும் வந்தாச்சு. செத்த இரும், முடியட்டும்" என்று எனக்கு மோர் கொடுத்தார். தி.நகரில் எங்கள் பாடகர் ஆண்டனி ஜவுளிக்கடையில் வேலை செய்கிறான். அங்கே போய் எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொன்னது என் தப்பு. பட்டுப் புடவைப் பிரிவில் அதுவரை யாரும் இந்தப் படத்தைக் கேள்விப்பட்டதே இல்லை.

என் கணக்கு ஒன்று இருக்கிறது, கோபப்படாமல் படியுங்கள். கடலுக்குப் போய் வந்தால் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போனவனுக்கெல்லாம் ஒரு பங்கு. உங்கள் படத்தில் நானும் வேலை செய்தேன். வெயிலில் செத்துக் கிடந்தேன். என் பங்கை நான் யாருக்கும் கொடுக்கலாம் இல்லையா? நான் வரும் இடத்தை மட்டும் வெட்டிக் கொடுக்கத் தெரியாமல் முழுசாகக் கொடுத்துவிட்டேன், அதுதான் தப்பு என்று தோன்றுகிறது.

லாசர்


வடபழனி
18 ஜூலை 2025

திரு. லாசர் அவர்களுக்கு,

நிறுத்துங்கள். இனி யாரிடமும் அழிக்கச் சொல்லிப் போகாதீர்கள். உங்களை அனுப்பியது என் புத்தி. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பரப்பியதைவிட என் தண்டனை அதிகம் பரப்பியிருக்கிறது.

உங்கள் மீன் கணக்குக்குப் பதில். மீனைக் கொடுத்தால் அது உங்கள் கையில் இல்லாமல் போகும். அதனால்தான் யோசித்துக் கொடுப்பீர்கள். படத்தைக் கொடுத்தால் அது உங்கள் கையிலும் இருக்கும், வாங்கியவன் கையிலும் இருக்கும். கொடுத்தவனுக்குக் குறையவில்லை. எனக்கு மட்டும்தான் குறைந்தது. ஒரு மீனை வைத்து ஊருக்கே குழம்பு வைத்துவிட்டு, பிடித்தவளிடம் முள் பங்கு கேட்கிறீர்கள்.

இப்போது வேறு ஒன்று சொல்ல வேண்டும். நேற்று புகார் கொடுக்க என்ன வேண்டும் என்று கேட்கப் போலீஸ் ஸ்டேஷன் போனேன். உதவி ஆய்வாளர் மரியாதையான பிள்ளை. உட்காரச் சொல்லி, கதையைக் கேட்டார். மூன்று பிள்ளைகள் சொத்துக்காகச் சண்டை போடுகிறார்கள், வீட்டு வாசல் மணலில் படகுக்காரர் பிணமாகக் கிடக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "ஓ, அந்தப் பொணமா! கால் கட்டைவிரல் ஆடுமே மேடம்" என்றார். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

அங்கிருந்து அடையாறு போனேன். ஜவஹரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "ஆமாம் மேடம், இடது கால்" என்றார். நான் இடது கால் என்று சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். என் தம்பி ஷரீஃப் சோபாவில் உட்கார்ந்து தன் கட்டைவிரலை ஆட்டிக் காட்டி தன் மகனைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

படம் எடுத்த நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஊர் கவனித்திருக்கிறது. பார்த்தவர்களை எல்லாம் உள்ளே போட்டால் புகாரை எழுதிக்கொள்ள வெளியே ஆள் இருக்காது. ஆனாலும் கம்பெனிக்கு ஒரு பேர் வேண்டும். பத்தாம் தேதி நெருங்குகிறது.

அந்த விரல் ஏன் ஆடியது?

கைசர் ஜஹான்


பட்டினப்பாக்கம்
21 ஜூலை 2025

கைசரம்மாவுக்கு,

நண்டுக் குஞ்சு. மணலில் படுக்க வைத்தீர்கள் அல்லவா, அது என் காலை வளை என்று நினைத்துவிட்டது. பிணத்துக்குக் கூச்சம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும், நான் முன்னே பின்னே செத்ததில்லை. எங்கள் கோவில் சாமியார், "உன் பேரு லாசரு. செத்தவன் எழுந்து வந்த பேரு. உன்னப் போய்ப் பொணமா போட்டாங்களே" என்று சிரிக்கிறார். அவரும் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

முள் பங்கு என்று எழுதினீர்கள். அதை இரண்டு தடவை படித்தேன். எழுத்து கூட்டத் தெரியாததால் இல்லை, புரிந்ததால். என் கணக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் கரையிலும் தண்டனை உண்டு. சின்னக் கண்ணி வலை போட்டுக் குஞ்சு மீனை வாரினால் பஞ்சாயத்தில் அபராதம். ஆனால் அபராதம் கட்டினவனை நான் பார்த்திருக்கிறேன். கட்டும்வரை தலை குனிந்திருப்பான். கட்டி முடித்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். கணக்குத் தீர்ந்தது என்று மறுநாளே அதே வலையோடு போவான்.

சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக இன்னொரு விஷயத்தை வைத்திருக்கிறேன். டீச்சர்தான் சொல்லச் சொன்னார். படம் பார்த்த எங்கள் ஆட்கள் விரலுக்குச் சிரித்தார்கள், ஆனால் ஒரு இடத்தில் கோபப்பட்டார்கள். அங்காளம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சொந்தமா படகு வச்சிருந்த மனுசன் செத்துட்டான், அழுவுறதுக்கு ஏழு பேரா வந்தாங்க? நம்ப குப்பத்துல நாய் செத்தாகூட பத்து பேரு வருவான்." படம் நன்றாக இருக்கிறது, சாவுதான் பொய்யாக இருக்கிறது என்கிறார்கள்.

புகாரைப் பற்றி. என் பேரைப் போடுங்கள். எனக்காக ரூஹியின் படம் நிற்க வேண்டாம். அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு நான் வெளியே டீ குடித்தால் அது எனக்கு இறங்காது. லாசர் என்று எழுதும்போது ல-வுக்குத் துணைக்கால் போட மறக்காதீர்கள். கால் இல்லாவிட்டால் 'லசர்' ஆகிவிடும், அவன் யாரோ.

லாசர்


வடபழனி
25 ஜூலை 2025

லாசர் அண்ணனுக்கு,

உங்கள் பேரைப் புகாரில் எழுதினேன். துணைக்கால் போட்டுத்தான் எழுதினேன். கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்தேன். கையெழுத்துப் போட்டால் கம்பெனி சந்தோஷப்படும், நீங்கள் போவீர்கள், படம் ஊரில் சுற்றுவது ஒரு மணி நேரம்கூட நிற்காது. யாருக்காக இதைச் செய்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு உங்கள் கடிதத்தை ரூஹிக்குப் படித்துக் காட்டினேன்.

நாய்க்குப் பத்துப் பேர் என்ற இடத்தில் சுவரிலிருந்து திரும்பினாள். "அம்மி, யார் சொன்னது இது?" என்றாள். சிரித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, "அந்த அம்மா சொல்றது கரெக்ட்" என்றாள். ஏழு பேர் அவள் விருப்பமில்லை அண்ணே. ஐம்பது துணை நடிகர்கள் கேட்டாள். சாப்பாடு போட்டு மாளாது என்று ஏழாகக் குறைத்தது நான்தான்.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். படத்தின் கடைசியில் வரும் சாவு வீட்டை மறுபடி எடுக்கிறோம். ஆகஸ்ட் மூன்று, ஞாயிறு, விடியும்போது, உங்கள் கரையில். கம்பெனியிடம் பேசிவிட்டேன். முடிவே புதிதாகிவிட்டால் வெளியே போனது ஒத்திகைப் பிரதி, அதைப் பார்த்தவன் படத்தைப் பார்த்தவன் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். புகார் கேட்க மாட்டார்கள்.

தண்டனை இதுதான். நீங்கள் மறுபடி சாக வேண்டும், விரல் ஆடாமல். உங்கள் தயவால் படத்தைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் துணியில், தங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து உங்களுக்காக அழ வேண்டும். பார்த்ததற்கு அழுகை. கூட்டம் என்றால் கூட்டமாக இருக்க வேண்டும். மறுபடி ஏழு பேர் நின்றால், அன்று மத்தியானமே அந்தப் புகாரில் கையெழுத்துப் போடுவேன். இரக்கம் இருக்கிறது, ஆனால் வேறு வழி இருக்காது.

கைசர் ஜஹான்


பட்டினப்பாக்கம்
30 ஜூலை 2025

கைசரம்மாவுக்கு,

அண்ணன் என்று எழுதியதைப் பார்த்தேன். ஜாஸ்மினுக்கும் காட்டினேன்.

இரண்டு நாள் வீணாக அலைந்தேன். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், படம் பார்த்தவர்களுக்குத் தண்டனை, ஞாயிற்றுக்கிழமை வந்து அழ வேண்டும் என்று சொன்னேன். ஊரே குருடாகிவிட்டது. ஒருவரும் படம் பார்க்கவில்லை. கடையில் உட்கார்ந்து ஊருக்கே கதை சொன்ன அங்காளம்மாள், "இன்னா படம் நைனா? என் போன்ல படமே வராது" என்கிறாள். மயிலாப்பூர் மேனேஜர், "நாங்க அந்த மாதிரி எல்லாம் பாக்கறதில்லை ஓய்" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். இந்தத் தடவை மோர் இல்லை. ஆண்டனி துணி மடிப்பதுபோல் குனிந்துகொண்டான். தண்டனை என்ற சொல் ஒன்றுதான் அம்மா. வரக்கூடியவர்கள்கூட அதைக் கேட்டு ஓடினார்கள்.

நேற்று ராத்திரி படுத்திருந்தபோது பொறி தட்டியது. எங்கள் கரையில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால் வரலாம், வராமலும் இருக்கலாம். ஆனால் வீடு வீடாக வந்து சாவு சொல்லிவிட்டுப் போனால், சொன்னதைக் காதில் வாங்கியவன் போகாமல் இருக்கக் கூடாது. எதிரியாக இருந்தாலும் ஒரு நிமிஷம் தலை காட்டிவிட்டு வர வேண்டும். காதில் விழுந்தால் கடன்.

இன்று காலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று இதை மட்டும் சொன்னேன்: "ஞாயித்துக்கெழம விடியக்காலம் லாசர் செத்துட்டாரு. வந்துடுங்க." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன். சாவு சொல்கிறவன் நின்று பேசக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

அங்காளம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். "தூ, வெளங்காதவனே" என்றாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காதில் விழுந்துவிட்டது.

மயிலாப்பூர் வழக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களுக்கும் சொல்லியாயிற்று. மேனேஜர் பதறிப்போய், "யாருக்கு? என்ன ஆச்சு? நீர்தானே லாசர்!" என்றார். நான் திரும்பவில்லை.

வருவார்களா என்று தெரியவில்லை. வராவிட்டால் கையெழுத்தைப் போடுங்கள், எனக்கு வருத்தம் இல்லை. என் சாவை நானே சொல்லிவிட்டு வந்தேன், இதற்குமேல் என்ன இருக்கிறது. நடக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

லாசர்


வடபழனி
5 ஆகஸ்ட் 2025

லாசர் அண்ணனுக்கு,

புகாரைக் கிழித்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மெதுவாகப் படிக்கிறவர், கடைசி வரிவரை காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கண்ணை மூடிப் படுத்திருந்ததால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். விடிவதற்கு முன்னால் நான் வந்தபோது கரையில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். ரூஹி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு லைட் ஹவுஸ் பக்கத்திலிருந்து வந்தார்கள். குப்பத்திலிருந்து வந்தார்கள். நான் எண்ணவில்லை. எண்ணுகிற அளவில் இல்லை. பறை அடிக்கிறவர்களை யார் கூப்பிட்டது? நாங்கள் இல்லை. உங்கள் பாடகர் குழு ஒரு பக்கம் பாட்டை ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் மூக்கில் கைக்குட்டையோடு நான்கு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, யாரிடம் துக்கம் கேட்பது என்று தேடிக்கொண்டிருந்தார். ஜவஹர் கறுப்பு கோட்டில் வந்திருந்தார். என் தம்பி ஷரீஃப் படகுகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வந்தான். அந்த உதவி ஆய்வாளர் லுங்கி கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்று உண்மையாகவே அழுதார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

விரல் ஆடவில்லை அண்ணே. நான் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், கல் மாதிரி இருந்தது. அந்த மட்டுக்கும் நீங்கள் தண்டனையை ஒழுங்காக அனுபவித்தீர்கள்.

ஆனால் அங்காளம்மாள் ஒப்பாரி வைத்தார்களே. "படகு ஓட்டின மகராசா, பாடையில போறியா" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். ரூஹிக்கு மயிர்க் கூச்செறிந்தது. போகப் போக, "என் புதுக் கொடைய வாங்கிக்கினு, பொத்தல் கொடைய குடுத்தியே" என்று வந்தது பாருங்கள்! நீங்கள் பாடையில் எழுந்து உட்கார்ந்து, "அது என் கொடைடீ! ஒன்னுதுதான் பொத்தல்!" என்று கத்தினீர்கள். முன் வரிசையில் இருந்த கிழவர் மயங்கி விழுந்தார். உங்கள் சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டாவது தடவை எடுத்ததுதான் படத்தில் வருகிறது. அங்காளம்மாள் அப்போது குடையைப் பற்றிப் பாடவில்லை. உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, "எழுந்திருச்சி சண்ட போடுயா" என்று மட்டும் சொன்னார்கள். அது ரூஹி எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. நீங்கள் எழுந்திருக்கவில்லை. உங்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

ரூஹி இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டாள்.

கைசர்


பட்டினப்பாக்கம்
10 செப்டம்பர் 2025

கைசரம்மாவுக்கு,

கேட்டது. எழுந்திருக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விரலை அடக்கியதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாருடையது என்று இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஜாஸ்மின் பீரோவைத் திறந்து போனைக் கொடுத்துவிட்டாள். "பொணமா ஒழுங்கா கெடந்ததுக்காக" என்றாள்.

இப்போது ஒரு அவசர விஷயம். நேற்று ரூஹியிடமிருந்து ஒன்று வந்திருக்கிறது. இரண்டு நிமிஷப் படம். முன்னோட்டமாம். கூடவே எழுத்து. அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

எல்லோருக்கும்
பகிருங்
கள்

மூன்று தடவை படித்தேன். பிரிக்காமல் சேர்த்தும் படித்தேன். 'பகிருங்கள்' என்று வருகிறது. முதல் தடவை நான் பாதியில் நின்றதால்தான் இவ்வளவும் ஆயிற்று. அதனால் போனைத் தலைகீழாக்கி, கீழே தள்ளித் தள்ளி, இதற்குப் பின்னால் இன்னும் ஏதாவது எழுத்து ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் கண்ணை நான் நம்ப மாட்டேன்.

ரூஹி போன் செய்து, "தாத்தா, ஊர்ல எல்லாருக்கும் அனுப்புங்க, உங்கள நம்பித்தான் இருக்கோம்" என்றது. பிள்ளை அவசரத்தில் பேசும். டீச்சரும் அனுப்பலாம் என்கிறார். பிரித்துப் படி என்று சொன்னவரும் அவர்தான். அங்காளம்மாள் வந்து, "குடுய்யா, நா அனுப்புறேன்" என்று பிடுங்கப் பார்த்தாள். கொடுக்கவில்லை. குப்பம் முழுக்கக் கேட்கிறது. ஒருவனுக்கும் அனுப்பவில்லை.

பேச்சு பேச்சுதான், எழுத்து எழுத்துதான். தயாரிப்பாளர் நீங்கள், உங்கள் கையால் எழுதி வந்தால்தான் அனுப்புவேன். அதுவரை போனைப் பீரோவில் வைத்து நானே பூட்டிவிட்டேன். சாவி என்னிடம்.

லாசர்


தபால் அட்டை
வடபழனி
15 செப்டம்பர் 2025

லாசர் அண்ணே,

வெள்ளிக்கிழமை படம் வருகிறது. கம்பெனி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஊர் முழுக்க ஓசியில் பரப்பத் தெரிந்த ஒரே ஆள் பீரோவைப் பூட்டிக்கொண்டு கடிதத்துக்குக் காத்திருக்கிறார் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்? தபாலை நம்பாமல் இந்த அட்டையை ஷரீஃபிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாசலிலேயே நிற்கிறான். அவன் கண் முன்னால் பீரோவைத் திறங்கள்.

நானே, என் கையால், கடைசி எழுத்துவரை எழுதுகிறேன். இதற்குப் பின்னால் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

பகிர்ந்து தீருங்கள்.

கைசர்